சபையார் சொல்லும் வரி

மருமகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று மாமனாரிடம் சொல்லி வைத்திருந்தது முழுப் பொய் அல்ல. கால் சென்டர் என்று சொல்லியிருந்தார்கள். எந்தக் கால் சென்டர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் வங்கி அட்டை என்று சொல்லிச் சமாளிப்பதாக அவளும் கணவனும் பேசி வைத்திருந்தார்கள். உண்மையில் அவள் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு தொலைக்காட்சி ஊழியத்தின் ஜெப உதவி மையத்தில்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. மாமனார் அவர்களுடைய சபையில் வாசகர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஜெபப் புத்தகத்தின் முதல் வரியைச் சொல்வார். சபையார் அடுத்த வரியைச் சொல்லி முடிப்பார்கள். மின்சாரம் போய் மைக் செத்துப்போனாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும் குரல் அவருக்கு. அவருக்கு டி.வி. பிரசங்கிகளைக் கண்டாலே ஆகாது.

"அழுதா கேமரா கிட்ட வருது, சிரிச்சா தூரம் போகுது. இது ஆராதனையா, கல்யாண வீடியோவா?" என்பார்.

அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டி.வி. அவருடைய சபைக்குள் யாரையும் கேட்காமல் வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய ஆர்கன் பூட்டிக் கிடந்தது. அதன் மேலேயே கீபோர்டை வைத்து வாசித்தார்கள். அமைதியாகப் பேசிக்கொண்டிருந்த ஆயர், இப்போது ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்லி, மூன்றாவதில் குரலைத் தூக்கினார். "பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் இருப்பவரோடு வரப்புத் தகராறு இருந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டியதாயிற்று. மாமியார் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்து, டி.வி. பிரசங்கி ஜெபிக்கும்போது அதன் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். ஜெபம் முடிந்ததும் எடுத்துக் குடிப்பார். மாமனார் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் போன் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விடும்.

பொறுக்க மாட்டாமல்தான் மாமனார் கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சபைப் பொறுப்பில் இருப்பவர்களின் வீட்டில் யாரும் தொலைக்காட்சி ஊழியங்களில் வேலை செய்யக் கூடாது. எழுதியவரும் அவரே, எழுந்து நின்று வாசித்தவரும் அவரே. அன்று பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்த வீடு வேறு மாதிரி. அம்மா சின்ன ஜெப வீடு ஒன்றில் முன்னணி ஆள். குழாயைத் திறந்துவிட்டது போல் அம்மாவுக்கு ஜெபம் கொட்டும். புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பவர்களை அம்மா "பாவம், தூங்கிட்டிருக்காங்க" என்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகளுக்கு ஆராதனைப் புத்தகத்தில் பக்கம் தட்டுப்படாது. பிறகு அந்த வரிகள் தாமாகவே மனதில் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு வரியும் மாமனாரின் குரலில்தான் ஒட்டியிருந்தது.

மையத்தில் வேலை கடினமில்லை. திரையில் ஓடும் படிகளைப் பின்பற்ற வேண்டும். வாழ்த்து, தேவை, ஜெபம், ஆசீர்வாதம். அதற்கு மேல் சில விதிகள். எந்தச் சபை என்று கேட்கக் கூடாது. ஒருவர் சொன்னதை அறையை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது. தெரிந்தவர் குரல் என்றால் அழைப்பை அடுத்த நாற்காலிக்குத் தள்ளிவிட வேண்டும்.

சபை எது என்று கேட்காவிட்டாலும் தெரிந்துவிடும். மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள், கை தட்டுகிறவர்கள், சனிக்கிழமை கூடுகிறவர்கள், புத்தகம் வைத்து ஜெபிக்கிறவர்கள், எல்லாரும் ஒரே எண்ணுக்குத்தான் வந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரிக்குக் கடுகு என்று பட்டப்பெயர். ஆள் சிறிசு, வாய் பெரிசு. அவள் இதைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்கவங்க சபை. மத்த நாளெல்லாம் நாம. கல்லறையில இடம் அங்கதானே குடுப்பாங்க, அதனால அந்தப் பக்கமும் முறிச்சுக்க மாட்டாங்க."

அந்தப் புதன்கிழமை மதிய நிகழ்ச்சி முடிந்ததும் அழைப்புகள் வழக்கம்போல் குவிந்தன. வீடு விற்கவில்லை, பையன் பேசுவதில்லை, மூட்டு வலி. மருமகள் ஒவ்வொருவருக்கும் அம்மாவின் குழாயைத் திறந்துவிட்டாள். அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"ஸ்தோத்திரம். ஜெப உதவி மையம். சொல்லுங்க, உங்களுக்காக என்ன ஜெபிக்கணும்?"

அந்தப் பக்கம் ஒரு செருமல்.

அந்தச் செருமலே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் வரிக்கு முன்னால் மைக்கில் கேட்கும் அதே செருமல்.

"பேரு சொல்லணுமா?" என்றார் மாமனார்.

"வேணாங்க. விருப்பம் இருந்தாச் சொல்லலாம்." பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதவிசான குரலை அவள் இன்னும் கொஞ்சம் மெல்லியதாக்கிக்கொண்டாள். அழைப்பைத் தள்ளும் பொத்தான் மேல் விரல் இருந்தது. இப்போது தள்ளிவிடலாம். கடுகு எடுத்துக்கொள்வாள்.

"தொண்டையில ஒரு கட்டி" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும்ங்கறாங்க. வீட்ல சொல்லல. சொன்னா அவ அழுதே படுத்துக்குவா."

விரல் பொத்தானில் அழுந்தவில்லை.

"உங்க சபையில யாராவது..." என்று வாய் தவறிக் கேட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சபையிலயா? எங்க ஆயர்கிட்டச் சொன்னா ஞாயித்துக்கிழமை மைக்ல வந்துடும். கமிட்டியில சொன்னா, 'ஓய்வெடுங்க ஐயா'ன்னு அன்பாவே ஓரங்கட்டிடுவாங்க." மறுபடி செருமினார். "எல்லாரும், ஆண்டவர் சித்தம் ஆகட்டும்னு சொல்லச் சொல்லுவாங்க. நானே நிறைய பேருக்குச் சொல்லியிருக்கேன். ஆனா குரல் போனாலும் பரவால்லன்னு சொல்ல எனக்கு மனசு வரலம்மா. அது போயிட்டா நான் அங்க யாரு? அதத் தெரியாத ஆள்கிட்டதான் சொல்ல முடியும்னு போன் பண்ணேன்."

"கூட யாரு வர்றாங்க?" இது திரையில் இல்லாத கேள்வி.

"யாருமில்ல. வெளியூர்ல கூட்டம்னு சொல்லிட்டுத் தனியாத்தான் போகணும்."

இனி ஜெபிக்க வேண்டும். அவள் கண்ணை மூடினாள். குழாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் கொட்டிய வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். மாதிரி ஜெபத்தின் எழுத்துகள் எறும்பு ஊர்வது போல் இருந்தன. காதில் அவர் மூச்சு கேட்டது. காத்திருந்தார்.

அப்போது வாயில் வந்தது அவருடைய புத்தகத்தில் நோயாளிகளுக்காகச் சொல்லும் ஜெபம்தான்.

"காலையையும் மாலையையும் உண்டாக்கினவரே" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. இந்த மையத்தில் யாரும் புத்தக ஜெபம் சொல்லமாட்டார்கள். அதுவும் அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அவர் இழுக்கும் இடத்தில் இழுத்து.

"எங்கள் பலவீனத்தில் எங்களோடிரும்" என்றது அந்தப் பக்கம்.

யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. பழக்கம் சொன்ன மாதிரி இருந்தது. அவள் அடுத்த வரியைச் சொன்னாள். அவர் பதில் வரியைச் சொன்னார். மூன்றாவது வரியில் அவர் குரல் கம்மியது, ஆனாலும் முடித்தார். இத்தனை காலமும் முதல் வரியை மட்டுமே சொல்லி வந்த மனிதர், இன்றைக்குச் சபையார் சொல்லும் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்தே ஆமென் சொன்னார்கள்.

"நன்றிம்மா" என்றார். போன் வைக்கப்பட்டது.

கடுகு நாற்காலியைச் சுழற்றினாள். "என்னடி இது, பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி?"

அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். உயரத்துக்காக அவருக்கு டவர் என்று பெயர். ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பரிவாகச் சொன்னார். "சிஸ்டர், ஜெபம் இருதயத்துலேருந்து வரணும். இது சடங்கு ஜெபம். மனப்பாடம் ஆண்டவரைத் தொடாது."

"சரிங்க பிரதர்" என்றாள். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமனார் கூடத்து மேசையில் அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார். அவள் வந்ததும் தலையை நிமிர்த்தி, "வந்துட்டியாம்மா?" என்றார். எப்போதும் கேட்பது போலத்தான் கேட்டார். தெரிந்துகொண்டாரா, இல்லையா? தெரிந்திருந்தால் தீர்மானத்தைக் கையில் எடுப்பாரா? அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுப்படியில் நின்று வரிசையாக யோசித்துப் பார்த்தாள். தெரியும் என்று சொன்னால் விதியை மீறியதாகும், அவரும் கூசிப்போவார். கணவனிடம் சொன்னாலும் அதே கதிதான். ஒன்றும் சொல்லாவிட்டால் மனிதர் தனியாகப் போய்த் தனியாகக் கட்டிலில் படுப்பார். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

சாப்பிட உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "வெள்ளிக்கிழமை வெளியூர்ல ஒரு கூட்டம். சாயங்காலம்தான் வருவேன்."

"சரிப்பா" என்றான் மகன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாமா, நானும் வரட்டுமா?"

மாமியார் கரண்டியோடு அப்படியே நின்றார். "கமிட்டிக் கூட்டத்துக்கு நீ எதுக்கு? கொட்டாவி விடவா?"

"சும்மா அத்தே. எனக்கும் அன்னிக்கு லீவு."

மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே மென்றார். ரொம்ப நேரம் மென்ற மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மறுபடி கேட்க அவளிடம் எந்தச் சாக்கும் இல்லை.

"பஸ் சீக்கிரம் கிளம்பிடும்" என்றார். "நேரத்துக்கு எந்திரிச்சா வா."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். ஊர் எல்லை வருவதற்கு முன்பே, பெரிய மருத்துவமனை நிறுத்தத்தில் எழுந்தார். அவளும் எழுந்து பின்னாலேயே இறங்கினாள்.

நடைபாதையில் நின்று திரும்பிப் பார்த்தார். "இங்க எதுக்கு இறங்கறோம்னு கேக்கமாட்டியா?"

"கேக்கக் கூடாது மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "அந்தத் தீர்மானத்த நான்தான் எழுதினேன்" என்றார்.

"தெரியும் மாமா. நானும் அங்கதானே உக்காந்திருந்தேன்."

"வாசகம் எல்லாம் நல்லாத்தான் அமைஞ்சிருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.

காத்திருக்கும் கூடத்தில் சுவரில் டி.வி. ஓடியது. அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் அதே பிரசங்கி, கையை விரித்துக்கொண்டு. யாரோ சத்தத்தை முழுவதும் குறைத்து வைத்திருந்தார்கள். கீழே ஜெப மையத்தின் எண் ஊர்ந்துகொண்டிருந்தது. மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமில்லாமப் பாத்தா பாவமா இருக்கான்" என்றார். "வேர்த்துக் கொட்டுது பாரு. நல்லாத் தூங்கினானோ இல்லையோ."

எதிர் நாற்காலியில் ஒரு அம்மா அந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். மாமனார் அதையும் பார்த்தார்.

நர்ஸ் வந்து அவருடைய முறை என்றாள். "கூட யாரு?"

"என் மருமக" என்றார். கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்ற வரவில்லை. அவள் வாரை அவிழ்த்து எடுத்தாள். மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் வெளுத்திருந்தது.

இரண்டடி போனவர் நின்றார். "வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிடும்மா. அவனை வரச் சொல்லு. உன் அத்தையையும் கூட்டிட்டு வரட்டும். அழுதா அழட்டும்."

"நானா மாமா?" என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே."

"நான்தான் உன்கிட்டச் சொன்னேன்னு சொல்லு" என்றார் அவர். "அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. மருமகள் ஒரு கையில் கண்ணாடியையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கணவனின் எண்ணை அழுத்தினாள். வேலையிடத்து இரைச்சலோடு அவன் எடுத்தான். என்ன, கூட்டம் ஆரம்பிச்சாச்சா என்றான்.

"இல்லங்க" என்றாள். "மாமா எங்கிட்ட ஒரு விஷயம் சொன்னாரு. கொஞ்சம் வெளிய வந்து பேசறீங்களா?"