என் அடுப்படியில் ஓர் உப்பு மீட்டர்

என் கணவர் எய்கிச்சி சமைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது விழுந்து விழுந்து சிரித்தவள் நான்தான். முப்பத்தெட்டு வருடம் மலைப்பாதையில் ரயில் ஓட்டிய மனிதர். தேநீர் குடித்த கோப்பையைக்கூடக் கழுவியதில்லை. ஓய்வு பெற்றுவிட்டு என் காலையே சுற்றிக்கொண்டு கிடப்பதற்கு, நாலு ஆண்களோடு போய் வெங்காயம் நறுக்கட்டுமே என்று நானே ஏப்ரன் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

வகுப்பு நகராட்சிப் பொதுக்கூடத்தில், சனிக்கிழமைகளில், ஆண்களுக்கு மட்டும். டொகாஷி என்ற டயட்டீஷியன் பெண் நடத்துகிறாள். எங்கள் அகிதா பக்கத்துக்காரர்கள் உப்பு அதிகம் தின்கிறோம் என்று நகராட்சிக்குத் தீராத கவலை. அதனால் அவள் கற்றுக்கொடுப்பதெல்லாம் உப்பு குறைந்த சமையல்தான். வேகவைத்த கீரை, ஆவியில் வெந்த மீன், மிசோ என்கிற உப்புச் சோயா விழுதைக் கொஞ்சமாகக் கரைத்த சூப், அவ்வளவுதான்.

முதல் வகுப்பு முடிந்த அன்று சாயங்காலம் இவர் என் அடுப்படிக்குள் வந்து விறைப்பாக நின்றார். சுட்டுவிரலை அடுப்புக்கு நேராக நீட்டி, "அடுப்பு, சிறு தீ, சரி!" என்று கத்தினார். ரயிலில் சிக்னலைப் பார்த்துக் கத்திக் கத்திப் பழகிய அதே குரல். பிறகு எல்லாவற்றுக்கும் விரல், எல்லாவற்றுக்கும் கத்தல். "கேரட், அம்பது கிராம், சரி!" பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "மஸுமி, உங்க வீட்லேருந்து அடுத்த வண்டி எத்தன மணிக்கு?" என்று கேட்டாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

சிஹாரு வரும்வரைதான் அந்தச் சிரிப்பெல்லாம்.

சிஹாரு எங்கள் ஒரே மகள். தலைப்பிரசவம். ஏழாம் மாதத்தில், புருஷன் வீடு இருக்கும் சென்டாயிலிருந்து வந்து இறங்கினாள். பெண் எதற்காகப் பிள்ளை பெறத் தாய்வீட்டுக்கு வருகிறாள்? தாய் கையால் சாப்பிடத்தானே? அவளுக்காகப் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் ஒரு பீப்பாய் நிறையப் போட்டு வைத்திருந்தேன். வந்த மறுவாரமே மருத்துவமனையில் ரத்த அழுத்தம் அதிகம் என்றார்கள். காலும் வீங்கியிருந்தது. உப்பைக் குறையுங்கள், இன்னும் ஏறினால் பிரசவம் வரை இங்கேயே படுக்க வைத்துவிடுவோம் என்றார்கள்.

அன்றைக்கே இவர் வகுப்பிலிருந்து உப்பு மீட்டரை இரவல் வாங்கி வந்துவிட்டார். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். நுனியைச் சூப்பில் முக்கினால் மூன்று வினாடியில் எண் வரும். உப்பு 0.8 சதவீதம் இருந்தால் நல்லதாம். என் சூப்பில் 1.5 வந்தது.

"அம்மா, பாதிக் கடல ஊத்திட்டியா?" என்று சிஹாரு சிரித்தாள். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து சூப்பும் குழம்பும் இவர் கைக்குப் போயின. எனக்கு மிச்சம் சோறும் பாத்திரமும். இவர் முதல் நாளே கொம்பு என்ற கடற்பாசியையும் உலர்ந்த மத்தி மீனையும் தண்ணீரில் ஊறவைத்து, சூப்புக்கு அடிப்படையான தாஷிச் சாறு இறக்குவார். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொன்பது வருடமாக இந்த வீட்டில் என் சாறு கடையில் வாங்கிய தூள்தான். தேயிலை டப்பாவில் கொட்டி ஒளித்து வைத்திருந்தேன். ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்குக் கரண்டி பிடித்த மனிதர் முறைப்படி சாறு எடுக்கிறார், நான் டப்பாவோடு நிற்கிறேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அப்பா, இதுல என்ன போட்டீங்க? வாசனையே தனியா இருக்கு. இன்னும் ஒரு கிண்ணம் குடுங்க."

என்னிடம் இந்த வீட்டில் யாரும் இன்னொரு கிண்ணம் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது. கேட்டிருக்கிறார்கள். ஆனால் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை? இவர் வாயில் என்னிடம் வந்ததெல்லாம் 'சோறு', 'குளியல்', 'தூக்கம்' என்ற மூன்று சொற்கள்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சிஹாரு அவள் புருஷனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "கால் வீக்கம் நல்லா வடிஞ்சிருச்சு. எல்லாம் அப்பா சமையல்தான்... அம்மாவா? அவ பாவம், சும்மாதான் இருக்கா."

சும்மாதான் இருக்கிறாளாம்!

இவர் வெங்காயத்தாள் பறிக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அடுப்பில் சூப் தயாராக இருந்தது. "மிசோ, முப்பது கிராம், சரி!" என்று இவர் கத்தியதை என் இரண்டு காதாலும் கேட்டிருந்தேன். தேயிலை டப்பாவைத் திறந்தேன். தூளை இரண்டு கரண்டி குவித்துப் போட்டுக் கலக்கினேன். அந்தத் தூளில் பாதிக்குப் பாதி உப்புதான் என்று எனக்குத் தெரியும். கலக்கும்போது மகளின் கால் என் ஞாபகத்தில் இல்லை. இவர் முகம் ஒரு தடவை தொங்க வேண்டும், அது மட்டும்தான் இருந்தது.

சிஹாரு ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள். "அப்பா, கரிக்குதே." மீட்டரை முக்கினாள். 1.4.

இவர் அந்த எண்ணைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விரல் நீட்டிக் கத்திச் செய்ததில் தவறு நடக்காது என்று அவருக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தவறுகூட இல்லை என்று ரயில்வே கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு, "என் தப்புதாம்மா. மிசோவ ரெண்டு தடவ போட்டுட்டேன் போல. வயசாயிருச்சில்ல" என்றார்.

"பரவால்லப்பா. பாவம், நீங்களும் எவ்வளவுதான் பாப்பீங்க?" என்று சிஹாரு அவர் கையைத் தடவிக் கொடுத்தாள்.

தப்பு செய்தாலும் இவருக்குத் தடவல்! நான் செய்த தப்பையும் எடுத்துத் தன் கணக்கில் வைத்து நல்ல பெயர் வாங்குகிறார்! என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அவரு போடல. நான்தான் போட்டேன்!"

"என்னம்மா சொல்ற?"

"தூளு. ரெண்டு கரண்டி. வேணும்னேதான் போட்டேன். பொறாமையில போட்டேன், போதுமா? என்னங்க, என் தப்பையாவது எனக்கே விட்டுக் குடுங்களேன்!"

கத்தி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. சிஹாரு இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அவள் கத்தவில்லை.

"நான் உன்னைய நம்பித்தானம்மா இங்க வந்தேன்" என்றாள். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் சூப்பைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினார்.

மறுநாள் காலை இவர் அடுப்படிக்கு வருமுன் நான் போய் நின்றேன். டப்பாவில் மிச்சமிருந்த தூளைக் குப்பையில் கொட்டினேன். இவர் ஊறவைத்திருந்த சாற்றை அடுப்பில் ஏற்றினேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. கண்ணளவில் போட்டுப் பழகிய கை, குறைவாகப் போடு என்றால் எவ்வளவு குறைவாக என்று விழித்தது. இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"மிசோ எத்தன கிராமுங்க?"

"மூணு கிண்ணத்துக்கு முப்பது. தராசு அந்த மூலைல இருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "விரல நீட்டிச் சொல்லிட்டுப் போடு" என்றார்.

"அந்தக் கூத்தெல்லாம் என்னால ஆகாது."

"கூத்து இல்ல மஸுமி. சொன்னாத்தான் நிக்கும்."

அவர் திரும்பிய பிறகு, வாய்க்குள்ளேயே சொல்லி மிசோவைப் போட்டேன். டோஃபுவும் கீரையும் போட்டு இறக்கினேன். ருசி பார்த்தால் எனக்கு வெந்நீர் மாதிரிதான் இருந்தது.

சிஹாரு வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக் குடித்தாள். பாதி காலியானது.

"அப்பா, இன்னைக்கு சூப் ரொம்ப நல்லாருக்கு."

இவர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"நான் வெக்கல. அம்மா வெச்சது."

குடிக்கத் தூக்கிய கிண்ணம் அப்படியே நின்றது. அவள் அதை மேசைமேல் இறக்கினாள். கை நீட்டி மீட்டரை எடுத்து முக்கினாள். மூன்று வினாடி. 0.8.

நான் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். என் மகள் மீட்டரின் நுனியைக் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டாம் தடவையும் முக்கினாள்.