மீட்டர்காரர் தப்பாக வரும் வீடு

செத்துப் பதினோரு வருடம் ஆன பிறகும் மீட்டர்காரர் தினமும் மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து வந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் பக்கத்து வீட்டுக்கு. தெருவுக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்தபோதே அந்த மனுஷன் அப்படித்தான். ஊரில் எந்த வீட்டில் எந்த மூலையில் மின்மீட்டர் மாட்டியிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் வீட்டை மட்டும் வாரத்தில் நான்கு நாள் கோட்டை விடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரே மேஸ்திரி ஒரே சமயத்தில் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள் அவை. அதே கம்பிக் கதவு, அதே மூன்று படி, உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் அதே மாதிரி ஒரு நாற்காலி. அவர் ஷூவைக் கழற்றிவிட்டு அதில் சாய்ந்ததும், பக்கத்து வீட்டில் தனியாக இருந்த டைப்பிஸ்ட் அம்மா சுவருக்கு மேலாகக் குரல் கொடுப்பார்: "உங்க வீட்டுக்காரர் இங்க வந்திருக்காருங்க!" அடக்கம் முடிந்த நாலாம் நாளும் அதே குரல் அதே நேரத்துக்கு வந்தது.

மீட்டர்காரரின் மனைவி பைண்டிங் கடையில் தாள் மடிக்கிறவள். தெருவுக்கே பைண்டிங் அக்கா. ஐந்து மணிக்கு வீடு திரும்பி, முகம் கழுவிக்கொண்டு அந்தக் குரலுக்காகக் காத்திருப்பாள். அவள் வாசலில் தெரிந்ததுமே அவர் அசடு வழிய எழுந்து, "அட, மறுபடியுமா? வா, வீட்டுக்குப் போகலாம்" என்று ஷூவை மாட்டுவார். கூடவே நடப்பார். நாற்காலியிலிருந்து இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள இடம் வரை சரியாகப் பதினாறு எட்டு. பதினேழாவது எட்டு அவள் மட்டும் வைப்பாள். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவரை இந்தப் பக்கம் கொண்டுவர முடியவில்லை. "அடுத்த வீட்டுல உக்காந்திருக்கத் தெரியுது, பொண்டாட்டியைப் பாத்தா மட்டும் ஓட்டம்" என்று அவள் மூக்கைச் சிந்தாத நாள் கிடையாது. ஆனால் டைப்பிஸ்ட் அம்மா தன் கதவுக்கு எந்த நிறம் அடித்தாலும் அதே வாரம் அக்காவும் அதே பெயிண்டை வாங்கித் தன் கதவுக்கு அடித்துவிடுவாள். எது எந்த வீடு என்று அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டால் இந்த வரவும் நின்றுவிடுமோ என்ற பயம்.

பிறகு டைப்பிஸ்ட் அம்மாவை மகன் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டான். கதவில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டினார்கள். குடியிருப்பு ரத்தப் பரிசோதனை நிலையமாக மாற்றப்படுகிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் சொல்லலாம். தெரு முழுக்க ஆட்சேபித்தது. பைக்கை எங்கே நிறுத்துவார்கள், ஊசியை எங்கே போடுவார்கள், விடிந்ததும் விடியாததுமாக இருமிக்கொண்டு எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று ஆளுக்கொரு கவலை. பைண்டிங் அக்காவின் கவலை வேறு. விசாரிக்க வந்த அதிகாரியிடம், "என்ன வேணா வெச்சுக்கட்டும் சார், முன்பக்கத்தை மட்டும் இடிக்க வேணாம். எங்க வீட்டுக்காரர் வழி தெரியாம நிப்பாரு" என்றாள். அதிகாரி நல்ல மனுஷன், முழுதும் கேட்டுக்கொண்டார். அப்படியானால் அவரையே ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். "அவர் கையில பேனா நிக்காதே சார்." காலமானவர்கள் ஆட்சேபிக்கப் படிவம் கிடையாதம்மா என்று அவர் வருத்தத்தோடுதான் சொல்லிவிட்டுப் போனார்.

படிகளை இடித்துச் சரிவு போட்டார்கள், கம்பிக் கதவு போய்க் கண்ணாடிக் கதவு வந்தது, ஹாலில் வரிசையாக எஃகு நாற்காலிகள் வந்தன. மீட்டர்காரர் வரவில்லை. பத்தொன்பது நாள் அக்கா வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றாள். எந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாரோ என்று வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். இருபதாம் நாள் கால் கடுத்து, அடுக்களைக்குள் தண்ணீர் குடிக்கப் போனாள். ஹாலில் ஷூ கழற்றுகிற சத்தம் கேட்டது.

ஓடிவந்தாள். தெருவில் அந்தச் சாயலில் இப்போது ஒரே வீடுதானே மிச்சம். அவர் சரியாக வந்திருந்தார், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் அதே அசட்டுச் சிரிப்பு. "அட, மறுபடியும் தப்பா வந்துட்டேனா?" என்று ஷூவை எடுத்தார்.

"ஐயோ, இல்லைங்க! இது நம்ம வீடுங்க!"

"சும்மா சொல்லாத. நீதான் கூப்பிட வந்து நிக்கிறியே."

பிடிக்கப் போனாள். பிடிக்க ஒன்றும் இல்லை. அவர் படியிறங்கி, கதவைத் தாண்டி, போய்விட்டார். அக்கா போட்ட சத்தத்தில், பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற பெண் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பஞ்சோடு ஓடிவந்தாள். மறுநாள் அக்கா முன்கூட்டியே ஹாலில் உட்கார்ந்து பார்த்தாள். அவர் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினார். பதினோரு வருடமாக அவள் முகம் தெரிந்தால் அது தப்பான வீடு என்று அவருக்குப் பழகிப் போயிருந்தது. பாவி, நானே பழக்கினேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள் அடுக்களையை விட்டு வரவேயில்லை. அவர் வந்தார், சாய்ந்தார், பெருமூச்சு விட்டார். "டீ போடட்டுமா?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள். "போடேன்" என்றார்.

அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. டீயை ரத்தம் எடுக்கிற அந்தப் பெண்தான் வந்து எடுத்துக்கொண்டுபோய் வைக்கிறாள். ஒன்றரை மணி நேரம் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவே பேச்சு நடக்கிறது, கடையில் நடந்தது, முழங்கால் வலி, மழை. எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிற மனுஷனிடமே நாங்கள் இவ்வளவு பேசுவதில்லை என்கிறார்கள் தெருப் பெண்கள். எப்போதாவது அவர், "கொஞ்சம் இங்க வாயேன், உன் முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு" என்று கூப்பிடுவதும் உண்டு. "கை வேலையா இருக்கேங்க" என்பாள் அக்கா. கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கும்.