வெள்ளிவிழா ஜோடி

பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் அறிவிப்பு வாசித்தார். வருகிற திருக்குடும்ப ஞாயிறன்று திருமண வெள்ளிவிழா கொண்டாடும் தம்பதியர்: இருதயராஜ், லீலா. பீடத்தின் முன் இருவரும் கைபிடித்து வாக்குறுதியைப் புதுப்பிப்பார்களாம். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. லீலா நான்தான்.

கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி, மகள் ப்ரீத்தியோடு நான் தனியே வந்து மூன்று வருஷம் ஆகிறது. கேம்ப் ஏரியாக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். ஃபாதருக்கு மட்டும் தெரியாது, அவர் புதுசு.

வாசலிலேயே ஜான்சியைப் பிடித்தேன். இருதயராஜின் தங்கை. எங்கள் பகுதி ஜெபக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"யாரக் கேட்டு என் பேரக் குடுத்த?"

"கோவப்படாதீங்க மயினி. நீங்க என்ன டைவர்ஸா வாங்கிட்டீங்க? இன்னும் புருசன் பொண்டாட்டிதான? எல்லார் முன்னாலயும் ஒரு தடவ கையப் பிடிச்சிட்டா எல்லாம் சரியாயிரும். தாபோடியில இருக்க அண்ணன் வீட்டுக்கு பெயிண்டெல்லாம் அடிச்சாச்சு. பூச முடிஞ்சதும் நேரா அங்கதான்."

ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். தேரிடம் யாராவது சம்மதம் கேட்டிருக்கிறார்களா?

டைவர்ஸ் வேண்டாம் என்றது நான்தான். இருதயராஜ் என் இடது மணிக்கட்டை முறித்துப் போட்ட பிறகும் வேண்டாம் என்றேன். வக்கீலம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பீடத்தின் முன் கொடுத்த வார்த்தையை நான் முறிக்க மாட்டேன். ஆனால் அடி வாங்குவேன் என்று நான் எந்தப் பீடத்திலும் வார்த்தை கொடுக்கவில்லையே! அப்போது அவர் சொன்ன வழிதான் ஜுடீஷியல் செபரேஷன். கல்யாணம் அப்படியே இருக்கும். ஒரே வீட்டில் வாழவேண்டிய கட்டாயம் கிடையாது. மறுபடி போய்க் குடும்பம் நடத்தினால் தீர்ப்புக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்றும் எச்சரித்தார். எனக்கென்று இருக்கிற ஒரே காப்பு அந்தத் தீர்ப்பு. அதைத்தான் ஒரு மாலையைப் போட்டுப் பறிக்கப் பார்த்தாள் ஜான்சி.

"மம்மி, ஃபாதர்ட்ட சொல்லி கேன்சல் பண்ணு நா. சிம்பிள்" என்றாள் ப்ரீத்தி.

"பேரக் குடுத்தவ போய் எடுக்கட்டும். நான் எதுக்கு ஒளியணும்?"

ஞாயிறன்று பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். இருதயராஜ் புதுச் சட்டையில், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு நின்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்டதில்லை. ஃபாதர் சொல்லச் சொல்ல, "உன்னை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன்" என்று தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார். அவருக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

பிறகு மைக் என் கைக்கு வந்தது.

"ஃபாதர், உடஞ்சதத்தான புதுப்பிக்கணும்? மதிப்பேன்னு சொல்லிட்டு இவரு என் கைய முறிச்சாரு. இவரு புதுப்பிக்கட்டும், நல்லதுதான். நான் குடுத்த வார்த்த உடயவே இல்ல. அது உடயக் கூடாதுன்னுதான் டைவர்ஸ் கேக்காம, கோர்ட்டுல சொல்லிப் பிரிஞ்சி இருக்கேன். இனிமேயும் அப்படித்தான் இருப்பேன்."

ஃபாதர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மானத்த வாங்குதியா? வா வெளிய!" இருதயராஜ் பல்லைக் கடித்தபடி என் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். முறிந்து கூடிய அதே இடம். வலி தோள்வரை ஏறியது.

"கைய விடுங்க!" ஃபாதர் குறுக்கே வந்தார்.

வலது கையில் மைக் அப்படியேதான் இருந்தது. முன்வரிசையில் மாலையோடு நின்ற ஜான்சியைப் பார்த்தேன்.

"ஜான்சி, நல்லா பாத்துக்கோ. எல்லார் முன்னாலயும் கையப் பிடிச்சிட்டாரு உங்கண்ணன்."