இரண்டு மில்லிமீட்டர் மைத்துனன்

என் மனைவியின் தம்பிக்கு நான் வைத்திருக்கும் பெயர் குழாய். மூடத் தெரியாத குழாய். கல்யாண வீட்டில் அழுவான், காதுகுத்தில் அழுவான், வானிலை அறிக்கைக்கும் அழுவான். பக்கத்து வீட்டுப் பூனை தும்மியதற்கு அவன் அழுத அழுகையில், பூனையே கூச்சப்பட்டு வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. என் மனைவி மட்டும், "என் தம்பிக்குப் பஞ்சு மனசு" என்று முப்பது வருஷமாக உருகிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பஞ்சு மனசு போன மாதம் என் அறைமேல் கண் வைத்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, "தனியா இருக்க முடியலக்கா" என்று மூக்கை உறிஞ்சினான். கன்னத்தில் இரண்டு கோடு வழிந்தது. முடிந்தது கதை.

"ஏங்க, அந்த ஜன்னல் ரூமைத் தம்பிக்குக் குடுத்துடலாம். நீங்க ஹால்ல படுத்துக்கோங்க."

ஜன்னல் அறை! காரை நிறுத்தத் தெரியாத ஜென்மங்கள் எதிர்ச்சுவரில் இடிப்பதை உட்கார்ந்து ரசிப்பதற்கென்றே ஓய்வுபெற்றவன் நான். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவள் அகராதியில் அதற்குச் சம்மதம் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருவதாக முடிவாகிவிட்டது.

புதன்கிழமை குழாய்க்குக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். கண் மருத்துவமனைக்குத் துணை வேறு யார், நான்தான்.

அங்கே பரிசோதனை செய்யும் பெண் முதலில் மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு கண் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டாள். பிறகு தீக்குச்சி அகலத்தில் இரண்டு காகிதப் பட்டைகளை எடுத்தாள். அவற்றில் மில்லிமீட்டர் கோடுகள்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் கடைக்காரர்களின் தராசையும் படியையும் சோதித்து முத்திரை குத்தியவன் நான். கண்ணீரையும் அளக்க முடியும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே!

"இதைக் கீழ் இமையில மாட்டி அஞ்சு நிமிஷம் விடுவோம். எவ்ளோ தூரம் நனையுதுன்னு பாக்கணும். அஞ்சு மில்லிமீட்டருக்குக் கீழ போனா வறட்சி."

"இவனுக்கு இந்தக் காகிதம் பத்தாது. துண்டு குடும்மா."

"அத்தான், சும்மா இருங்க."

"நீ பேசாத. அளவு கெட்டுடும்."

விலைச்சீட்டு தொங்கும் ஜவுளிக்கடைப் பொம்மைபோல இரண்டு கண்ணிலும் பட்டையோடு உட்கார்ந்திருந்தான். வாங்க ஆள் கிடைத்திருந்தால் அங்கேயே தள்ளிவிட்டிருப்பேன். ஐந்து நிமிஷம் முடிந்தது. அவள் பட்டைகளை உருவினாள்.

"வலது ரெண்டு. இடதும் ரெண்டு."

நம்புவேனா? சட்டைப் பையிலிருந்து என் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் பார்த்த அதே பார்வையை அவளும் பார்த்தாள். இரண்டேதான். முப்பது வருஷ வெள்ளத்துக்கு மொத்தக் கையிருப்பு இரண்டு மில்லிமீட்டர்!

"அப்ப கன்னத்துல ஆறா ஓடுதே, அது என்னம்மா?"

"கண்ணு காஞ்சு எரியறப்போ திடீர்னு தண்ணி கொட்டும் சார். கண்ணுல தங்காம வழிஞ்சு ஓடிடும். காத்து பட்டா போதும், மின்விசிறிக்குக் கீழ உக்காந்தாலே வரும்."

மின்விசிறி! எங்கள் வீட்டில் அவன் எப்போதும் பிடிக்கும் நாற்காலி கண்முன் வந்தது. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டு, இரண்டு பட்டைகளையும் அறிக்கையிலேயே ஒட்டித் தரச் சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஒட்டித் தந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அறிக்கையை மனைவிமுன் விரித்தேன். பல வருஷம் தேடிய கள்ளப்படியைக் கடையிலேயே பிடித்த சந்தோஷம் எனக்கு.

"பாத்தியா உன் தம்பியோட பஞ்சு மனச? நீ முப்பது வருஷமா பாத்தது கண்ணீர் இல்ல, காத்து. உள்ள ரெண்டு மில்லிமீட்டர்தான் சரக்கு. என் ரூமைக் கேட்டதும் மின்விசிறிதான்!"

குழாய் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அந்தப் பட்டைகளையே பார்த்தாள். நனையாத வெள்ளைப் பகுதியை விரலால் தடவினாள். ஜன்னல் அறை பிழைத்துவிட்டது என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

"ஐயோ பாவி! கண்ணு வத்திப்போற அளவுக்குத் தனியா உக்காந்து அழுதிருக்கியேடா! ஒரு வார்த்தை சொன்னியா?"

"அக்கா..." என்றான் அந்தக் கடைந்தெடுத்த அயோக்கியன். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வழிந்தது.

"ஞாயிறு வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே பெட்டிய எடுத்துட்டு வா. ஏங்க, நாலு வேளை சொட்டு மருந்தாம். அவனா விட்டா மூக்குல விட்டுக்குவான். நீங்களே விடுங்க. அளவெல்லாம் உங்களுக்குத்தான தெரியும்."

இப்போது தினமும் நான்கு வேளை, என் ஜன்னலோரம், என் கட்டிலில், வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறான். நான் குனிந்து மருந்து விடுகிறேன். நேற்று வெளியே படாரென்று ஒரு சத்தம்.

"அத்தான், செவப்புக் கார். பின்னாடி மொத்தமும் போச்சு. பாவம்."

கண்ணுக்கு ஒரு சொட்டுதான் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றெரிச்சலில் ஆறு சொட்டு விட்டேன். கன்னமெல்லாம் வழிய எழுந்து ஹாலுக்குப் போனான்.

"பாருங்க," என்றாள் என் மனைவி, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, "நீங்க பண்றத நெனச்சு எப்பிடி அழறான்னு."