நீக்கப்பட்ட நான்கு நிமிடம்

வீடியோ கேம் தணிக்கை அலுவலகத்தில் அக்காவுக்கு இரண்டு வேலை. கேம்களை விளையாடிப் பார்த்து எது ஆகாது என்று குறிப்பது ஒன்று, வருகிற கடிதங்களைப் பார்ப்பது இன்னொன்று. முக்கால்வாசிக் கடிதங்களில் வசவுதான் இருக்கும். ‘எங்களைப் பச்சைக் குழந்தைகள் என்று நினைத்தீர்களா’ என்று ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். அவை நேராகக் கோப்புக்குள் போய்த் தூங்கும். எந்தக் காட்சி, எத்தனையாவது நிமிடம், எந்த விதிப்படி அதை நீக்கியது தவறு, யார் நீக்கியது என்று ஒழுங்காக எழுதிய கடிதம் வந்தால் மட்டும் மறுபரிசீலனைக் குழு கூடியே தீர வேண்டும். கோபத்தில் இருப்பவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டுவார்களா என்ன?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனபோது அவளும் கடிதம்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

“உங்க ஆபீசுக்குத்தான்க்கா. போன வாரம் அப்டேட் வந்துச்சு. அந்தக் கலங்கரை விளக்க கேம்ல, அந்தப் பொண்ணு தொட்டிலக் கழட்டுற எடத்தையே காணோம். எந்தப் புண்ணியவான் தூக்கினானோ!”

அந்தப் புண்ணியவான் அக்காதான். பிறந்து தங்காத பிள்ளைக்கு வாங்கிய மரத்தொட்டிலை ஒருத்தி கழற்றும் நான்கு நிமிடம் அது. ஒவ்வொரு திருகையும் விளையாடுகிறவர்தான் திருக வேண்டும். மனம் பாதிக்கும் என்று ஒரு புகார் வந்ததுமே, தங்கையை நினைத்துக்கொண்டு, இரண்டாம் யோசனை இல்லாமல் நீக்கிவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னாலும் அப்படித்தான். தங்கை ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, வந்து பார்த்தால் தாங்கமாட்டாள் என்று, வீட்டிலிருந்த தொட்டிலைக் கழற்றி, அறையைத் துடைத்து வைத்தவள் அவள்.

“அதப் பாத்தா உனக்குக் கஷ்டமா இல்லையாடி?”

“கஷ்டந்தான். ஆனா என் கையால கழட்டினது அது ஒண்ணுதானேக்கா. நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள இங்க எல்லாம் காலியாயிருந்துச்சு.”

குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. அதனாலேயே அக்காவுக்குத் தாங்க முடியவில்லை.

“இப்படித் திட்டி எழுதினா எவனும் படிக்க மாட்டான். கொஞ்சம் நகரு” என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வசவுகளை அழித்தாள். மூன்றாம் அத்தியாயம், நாற்பத்தோராம் நிமிடம், விதி பன்னிரண்டு.

“எல்லாம் மனப்பாடமா வச்சிருக்கியே!” என்றாள் தங்கை.

அக்கா அடுத்த வரிக்குப் போனாள். முடிவெடுத்த அதிகாரியின் பெயர் என்று எழுதி, சற்று நின்று, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடிக்கத் தொடங்கினாள். தங்கை இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.