ஐந்தாம் பாட்டில் ஒரு தட்டல்

கூதிர்க்காலம் தொடங்கிப் பதினைந்து நாள்கள் ஆகியிருந்தன. மேகம் மலையென எழவுமில்லை, இடியென முழங்கவுமில்லை. நரைத்த கம்பளியைப் போல் கூரைகளின்மேல் விரிந்து கிடந்தது. வாடை, மரங்களில் எஞ்சியிருந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. தூறலுக்கும் தெளிவுக்கும் நடுவே, எதையும் முடிவு செய்யாமல் பகல் நின்றது. துயரத்துக்கும் ஒரு சூடு உண்டு. அதுவும் ஆறிப்போன பருவம் அது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் மூத்தவள் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தாள். சுழலும் சக்கரத்தில் நூலாய் நீர் வழிந்தது. கண்ணாடித்தூள் வெண்சேறாகத் தட்டில் படிந்தது. தந்தை இறந்து ஆறு வாரமாகியும் அவள் அழவில்லை. முதல் வாரம் கைக்குட்டையோடு காத்திருந்தாள். பிறகு அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

அவள் தங்கை பாடகி. வீட்டில் அவளுக்குப் பெயர் சிட்டு. சொல்லும் மெட்டும் குரலும் அவளுடையவையே. எந்த நிறுவனமும் பின்னால் இல்லை. படுக்கையறை அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் அமர்ந்து எட்டுப் பாட்டுகளைப் பதிந்து, 'ஈரத்துணி' என்று பெயரிட்டு, பத்து நாளைக்கு முன் இணையத்தில் விட்டிருந்தாள்.

கேட்டவர்கள் எழுதுவதைச் சிட்டு படிக்கமாட்டாள். முதல் பாட்டுக்கு யாரோ எழுதிய ஒரு வரியால் ஒரு மாதம் வாய் திறக்காமல் கிடந்தவள் அவள். அன்றுமுதல் அவளுக்காகப் படிப்பது அக்காதான். தேநீர் இடைவேளையில் தொலைபேசியில் படித்துக்காட்டுவாள். முள்ளை எடுத்துவிட்டுப் பூவைக் கொடுப்பாள். பூவே இல்லாத நாளில் தானே ஒன்றைக் கட்டிக் கொடுப்பாள். இது இருவருக்கும் தெரியும். தெரிந்ததாக இருவரும் காட்டிக்கொண்டதில்லை.

இம்முறை அந்தச் சல்லடை கிழிந்திருந்தது. மரத்துப்போன மனம் எதையும் சலிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, கண்ணில் பட்டதையெல்லாம் அவள் பட்டியல்போல் வாசித்தாள்.

"'மழையில நனைஞ்ச பூனை மாதிரி குரல். ஆனா வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போகணும்னு தோணுது.'"

"பரவாயில்லையே! அப்புறம்?"

"'ரெண்டாவது பாட்டைக் கேட்டுட்டு என் பழைய ஆளுக்கு மெசேஜ் போட்டுட்டேன். மானம் போச்சு, யார் பொறுப்பு?'"

சிட்டு சிரித்தாள். அக்கா சிரிக்காமல் அடுத்ததைப் படித்தாள்.

"'அஞ்சாவது பாட்டுல தட்டுறது யாரு? பாட்டு ஒரு பக்கம் போகுது, தட்டு ஒரு பக்கம் போகுது. சாகப்போற கிழவன் மாடி ஏறுற மாதிரி இருக்கு.' இதே மாதிரி இன்னும் நாப்பது பேர் எழுதியிருக்காங்க."

சிட்டுவின் சிரிப்பு நின்றது.

"என்னக்கா, இன்னைக்கு அப்படியே படிக்கிற?"

"எழுதியிருக்கிறதைப் படிச்சேன்."

"சரி. வை."

வியாழன் பிற்பகல் ஒலிப்பதிவாளர் அழைத்தார். சிட்டுவின் பாட்டுகளைச் சீர்செய்து தருபவர் அவர்தான்.

"அக்கா, அஞ்சாவது பாட்டைச் சுத்தம் பண்ணிப் பழசுக்குப் பதிலா ஏத்திட்டேன். காலையில இருந்து புதுசுதான் ஓடுது. உங்களையும் ஒரு தடவை கேட்டுடச் சொன்னா சிட்டு."

"என்ன சுத்தம்?"

"அலமாரிக் கதவு ஆடுற சத்தம் ஒண்ணு இருந்துச்சே. முதல்ல நல்லா இருக்குன்னு விட்டுவெச்சா. இப்ப ஊரே சொல்லுதாம், தூக்கச் சொல்லிட்டா. பல்லு புடுங்கின மாதிரி தடம் தெரியாம எடுத்துட்டேன்."

மூத்தவள் பாட்டைப் போட்டுக் கேட்டாள். துடைத்த வில்லைபோல் தெளிவாக இருந்தது. அந்தத் தட்டல் இல்லை. கையிலிருந்த சட்டகத்தை மேசைமேல் வைத்துவிட்டு முதலாளியிடம் சென்றாள்.

"ஒரு மணி நேரம் வெளிய போகணும்."

"காலையில வலது வில்லையை இடது பக்கம் மாட்டினப்பவே நெனச்சேன். நாளைக்கே வா தாயி."

வீட்டில் சிட்டு கதவைத் திறந்தாள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அஞ்சாவது பாட்டுல தட்டினது கதவு இல்லடி. அப்பா."

சிட்டு அவளை வெறித்தாள்.

"அப்பாவா? விளையாடாதே. என் பாட்டு கேட்டா எழுந்து போயிடற மனுஷன்."

அது உண்மை. முப்பத்தைந்து ஆண்டுகள் விடியலில் துதிப்பாட்டுப் பாடியவர் அவர். மகளின் பாட்டுகளைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அவர் வாயிலிருந்து 'நல்லா இல்லை' என்றாவது வராதா என்று சிட்டு பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தாள்.

"அந்தப் பாட்டைப் பதிஞ்ச அன்னைக்கு நீ உள்ள பாடிட்டிருந்தே. உன் அலமாரிக்குப் பின்பக்கம் பலகைச் சுவர்தானே, அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். நான் அவர் சட்டைக்குப் பொத்தான் தெச்சிட்டிருந்தேன். திடீர்னு விரல் முட்டியால சுவத்துல தட்ட ஆரம்பிச்சார். அவரோட துதிப்பாட்டு நடையில, மெதுவா. உனக்குத் தொந்தரவாகுமேன்னு கையைப் பிடிச்சேன். உதறிட்டார். பாட்டு முடியுற வரைக்கும் விடவே இல்லை."

"ஏன்க்கா சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் நீ அதை வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"அன்னைக்கு அந்த வரியைப் படிச்சப்பவாவது..."

"படிச்சேன். ஒண்ணும் தோணலடி. எனக்கு இப்பல்லாம் ஒண்ணுமே தோணறதில்லை."

சிட்டு சண்டையிடவில்லை. ஒலிப்பதிவாளரை அழைத்தாள்.

"அண்ணே, பழைய அஞ்சாவதையே போட்டுடுங்க."

"ஏம்மா, விளக்கு மாதிரி போட்டு அணைச்சு விளையாடறியா? ஒரு பாட்டை ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க, இன்னொரு தடவை ஏத்தினா புதுப் பாட்டுன்னுதான் கணக்கு வரும். கீழ எழுதினது மொத்தமும் போயிடும். ஆயிரத்துச் சொச்சம் பேர், பாதிப் பேர் உருகி எழுதியிருக்காங்க. யோசிச்சுச் சொல்லு."

"போகட்டும். ஏத்துங்க."

தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் அக்காவைப் பார்த்தாள்.

"அப்போ அவருக்குப் பிடிச்சிருந்ததாக்கா?"

 இட்டுக்கட்டிய பூ ஒன்று மூத்தவளின் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவள் விழுங்கினாள்.

"தெரியலடி. கையை உதறினார். அது மட்டும் தெரியும்."

சிட்டு தலையசைத்தாள். இருவர் கண்களும் உலர்ந்தே இருந்தன. சன்னலுக்கு வெளியே தூறல் வலுக்கவுமில்லை, ஓயவுமில்லை.

மூத்தவள் எழுந்து கை கால் கழுவி வந்தாள். வெறுந்தரையில் அமர்ந்து, கண்மூடி, கை குவித்து, தந்தை நாள்தோறும் பாடிய துதியை முதலிலிருந்து கடைசிவரை உதடு மட்டும் அசையச் சொன்னாள். நடுவில் ஓர் அடி மறந்தது. அங்கே நின்று, நினைவு வந்தபின் தொடர்ந்தாள். உள்ளே ஒன்றும் கரையவில்லை; ஆயினும் ஓரடியும் விடாமல் சொன்னாள். சிட்டு அருகில் வந்து அமர்ந்து, தானும் கை குவித்தாள்.

முடித்ததும் மூத்தவள் தங்கையின் தலைமேல் கை வைத்தாள்.

"நல்லா இரு. கேட்டவங்க, திட்டி எழுதினவங்க, எல்லாரும் நல்லா இருக்கட்டும்."