நாற்பத்திரண்டாவது கேள்வி

1

இந்தக் கதை என் சொந்த அசட்டுத்தனத்தில் பிறந்தது. மொந்தெவிதேயோவில், வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனைக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா என்று நர்ஸ் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அப்போது என் கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் பாதி குடித்த மாத்தே குடுவை; இங்கே எல்லோரும் நாள் முழுக்க உறிஞ்சும் இலைக் கஷாயம். பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் இங்கே இருந்தால் மாத்தே குடிப்பதும் மூச்சு விடுகிற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வெறும் வயிறு என்று நர்ஸும் எழுதிக்கொண்டார். அவர் மேஜையிலும் ஒரு குடுவை இருந்தது.

(பாதிக் கதையை இங்கேயே போட்டு உடைத்துவிட்டேன். பரவாயில்லை. மீதிப் பாதிதான் என்னைப் படுத்துகிறது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், மனித குலத்தின்—"

அடித்துவிட்டேன். மனித குலத்தை இழுக்காமல் எனக்கு ஒன்றும் சொல்ல வராதா?

மிர்த்தா எச்செகாராய் அந்தச் சுரப்பிகளின் ஹார்மோன்களை ஆராய்கிறவள். வயது ஐம்பத்து மூன்று. அவற்றில் ஒன்று உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும். உப்பு தங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். வடக்கே தக்வாரெம்போ ஊரில் பெரெய்ரா குடும்பத்தில் அப்பாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அழுத்தம் எக்கச்சக்கம். ஆனால் உப்பைப் பிடிக்கும் ஹார்மோன் அவர்கள் ரத்தத்தில் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. வேறு ஏதோ ஒன்று அதன் வேலையைச் செய்கிறது. பரம்பரைக் கோளாறு என்று மிர்த்தா முடிவுகட்டினாள். தெரிந்த மரபணுவில் பழுதில்லை. ஆக, இது யாரும் காணாத மரபணு. கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று.

மருமகளாக வந்த அம்மாவுக்கும் அழுத்தம் இருந்தது. அதை வயசுக் கோளாறு என்று மிர்த்தா ஒதுக்கிவிட்டாள்.

மூத்த பெண் நிடியாவுக்கு இருபத்தொன்பது வயது. தனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் வருமா என்று ஆய்வகத்தில் கேட்டாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றாள் மிர்த்தா. நிடியா ஊருக்குப் போய், கட்டிக்கொள்வதாக இருந்த வில்மாரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. அவன் எல்லையோர ரிவேரா நகரத்துக்கு வேலை தேடிப் போய்விட்டான்.

3

மிர்த்தாவைத் திமிர் பிடித்தவளாக எழுதினால் சுலபம். "அவள் யாரையும் நிமிர்ந்துகூட—" இல்லை, அவள் அப்படியில்லை. நோயாளி வீட்டுக்குத் தானே பஸ் ஏறிப் போகிறவள்.

இரண்டு வருஷம் கழித்து அப்படித்தான் போனாள், இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுக்க. சமையலறையில் உட்கார வைத்தார்கள். குடுவை கைமாறி அவளிடம் வந்தது. ஒரு வாய் உறிஞ்சியதும் இனித்தது. இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டாள்.

"அதிமதுர வேரு. எங்க மாமனார் காலத்துப் பழக்கம். இலையோட சீவிப் போட்டுடுவோம், வயித்துக்கு நல்லது" என்றாள் அம்மா.

"அதிமதுர மிட்டாய் உண்டான்னு கேட்டப்போ இல்லன்னீங்களே?"

"மிட்டாய் இந்த வீட்ல யாரு திங்கிறா?"

"ரத்தம் குடுக்க வந்தப்போ?"

"வெறும் வயித்துலதான வந்தோம், டாக்டர். மாத்தே மட்டும்தான்."

(அதிமதுரம் அந்த ஹார்மோனின் வேலையைத் தானே செய்து முடித்துவிடும். மிர்த்தாவுக்கு இது மனப்பாடம். ஐரோப்பியப் பாடப்புத்தகங்கள் மிட்டாயைப் பற்றித்தான் கேட்கச் சொல்கின்றன.)

நோயாளிகளிடம் கேட்க அவள் வைத்திருந்த படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். உப்பு, மாத்திரை, காப்பி, ஒயின், மிட்டாய் எல்லாம் உண்டு. மாத்தே இல்லை. காகிதம் பறக்காமலிருக்கத் தன் குடுவையை மேலே வைத்துக்கொண்டுதான் அந்தப் படிவத்தை அவள் எழுதினாள்.

வேரை நிறுத்தினார்கள். ஆறு வாரத்தில் அம்மா உட்பட எல்லோருக்கும் அழுத்தம் இறங்கிவிட்டது. ஒரு வரைவில் மிர்த்தா உண்மையை அமுக்கிவிடுவதாக எழுதிப் பார்த்தேன். அவள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பத்து வருஷ உழைப்பு போயிற்று. ஆனால் கட்டுரைக்கு முன்னால் அவள் போனது நிடியாவிடம்.

4

நிடியா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மிர்த்தா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ என் ரத்தத்துல ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"பொறக்கிற பிள்ளைக்கும் வராது."

"வராது, நிடியா. என் தப்பு."

நிடியா கையிலிருந்த சட்டையை உதறிப் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள்.

"அன்னைக்கு 'தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டாக்டர்."

இதற்கு மிர்த்தா சொல்வதாக மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றிலும் அவள் பேசிக்கொண்டே போனாள். அழித்துவிட்டேன். அவள் அடுத்த துணியை எடுத்து நீட்டினாள், அவளுக்கு அவமானமாக இருந்தது. எழுதிய எனக்கும்தான்.

இனி வில்மார் பாக்கி. ஒரு முடிவில் அவன் கல்யாணமே செய்துகொள்ளாமல் காத்திருந்தான். படிக்க இனித்தது, எனக்கே கூசியது. இன்னொன்றில் அவன் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கதை என்னுடையது, இரண்டில் ஒன்றை எழுதிவிட யாரையும் கேட்க வேண்டியதில்லை. எழுதினால், தெரியாததைத் தெரிந்ததுபோல் நிடியாவின் வாழ்க்கைக்குத் தீர்ப்புச் சொன்னதில், மிர்த்தாவுக்கு அடுத்து, இரண்டாவது ஆள் நான்.

நிடியா போனை எடுத்து வில்மாரின் ரிவேரா எண்ணை அழுத்திவிட்டாள். மணி அடிக்கிறது. அவன் என்ன சொல்வான் என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

தெரியவில்லை.